ஒளியும் பங்கசின் வித்தியாக்கமும்: என்ன சொல் வைப்பது?

வணக்கம்.

வெளிச்சத்துக்கு ஏற்பப் பங்கசு (பூஞ்சை) வித்தி உண்டாக்குவது கூடுவதற்கும் குறைவதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு அண்ணா சொன்ன 'ஒளிவித்தாக்கம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒளித்தொகுப்பு படித்த பிள்ளை இதைப் பார்த்தால் பங்கசும் வெயிலைக்கொண்டுதான் வித்தி உண்டாக்குகிறதாக்கும் என்று நினைத்துவிடும். பங்கசுக்கு ஒளி சாப்பாடு இல்லை, சைகை மட்டும்தான். முக்கியமாக நீல ஒளியை உணரும் புரதம் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சைகையும் எப்போதும் 'செய்' என்று சொல்வதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பங்கசு வெளிச்சத்தில் இலிங்கமில் (இணைசேராமல் உண்டாகும்) வித்திகளை அதிகம் தரும், இருட்டில் இலிங்கமுறைப் பக்கம் சாயும். மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பங்கசில் வெளிச்சம் பட்டால், வித்திக்கு வழிசெய்யும் இணைசேர்தலே தடைப்படுகிறது. நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்குத் தெரிந்த முன்கருகல் நோய் இருக்கிறதே, அதைத் தரும் ஆல்டர்னேரியா பங்கசு இன்னும் வில்லங்கம்: வித்தியைத் தாங்கும் காம்பு வர வெளிச்சம், வித்தி வர இருட்டு, நடுவில் நீல ஒளி பட்டால் வேலை நின்றுவிடும். இத்தனையையும் 'ஆக்கம்' என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியாது. பொதுப்பெயராக 'ஒளிசார் வித்தியாக்கம்' வைத்து, அதன்கீழ் ஒளித்தூண்டல், ஒளித்தடை என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம்.

தேயிலைக் கொப்புள நோயை (இலையில் கொப்புளம் போடும் பங்கசு நோய்) இதற்கு உதாரணமாகக் காட்ட வேண்டாம். 1946இல் இலங்கைக்கு வந்த நாளிலிருந்து அது வெயிலுக்கு அடங்கும் நோய்தான், மழைக்காலத்துக்கு முன் நிழல்மரக் கிளைகளை வெட்டிவிடுவதும் அதற்குத்தான், ஆனால் அங்கே வெயில் இலையைக் காயவைத்து வித்தியைக் கொல்கிறது. அது சைகை இல்லை, சாவு. 1869இல் வந்து கோப்பியை ஒழித்த துருநோயும் அப்படியே வேறு கதை: வெளிச்சம் அதன் வித்தி முளைப்பதைத் தடுக்கிறது, உண்டாவதை அல்ல.

---

சரி தம்பி, ஒளித்தொகுப்புக் குழப்பம் வரும்தான், என் சொல்லை விட்டுவிடலாம். ஆனால் 'சார்' எனக்கு உறுத்துகிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் வித்தியே வராது என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொள்கிறது, வெளிச்சம் தடையாகிற கிரிப்டோகாக்கஸுக்கு அது பொருந்தாதே. 'வித்தியாக்க ஒளித்துலங்கல்' எப்படி? துலங்கல் என்றால் ஒன்றுக்கு உயிர் காட்டும் பதில், அதில் தூண்டலும் தடையும் இரண்டுமே உள்ளே வந்துவிடும், உயிரியல் பாடத்திலும் பழகிய சொல். முளைத்தலுக்கும் 'முளைத்தல் ஒளித்துலங்கல்' என்று அதே அச்சில் வார்க்கலாம். கொப்புள நோய் பற்றி நீங்கள் சொன்னதைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.