மனு எழுத உதவி வேண்டும்: மாடியில் அலுவலகம், சக்கர நாற்காலியில் தம்பி

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நில விஷயமாக ஓர் அரசு அலுவலகத்துக்குத் தம்பியோடு போனேன். அலுவலகம் மாடியில், சாய்தளம் இல்லை, லிஃப்டும் இல்லை. கீழே வந்து கையெழுத்து வாங்கச் சொன்னோம். "தூக்கிட்டு வாங்க" என்றார்கள். முப்பது வயது ஆளை நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கிப் போனோம். அன்று ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றுவிட்டது. அதன் 9-ஆம் பிரிவு பேசுவதே இதைத்தான். ஆனால் தனிநபர் புகாருக்கான விருப்ப நெறிமுறையில் (நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தம்) இந்தியா சேரவில்லை, அதனால் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழு வரை நாம் போக முடியாது. சரி, நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கிறது. விதிகள் வந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களைச் சீராக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017-இல்.

திருவனந்தபுரத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடப் போகிறேன். இதற்கு முன் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழில் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா? எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. எழுதித் தரக்கூடிய அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், படிக்கட்டைப் படம் எடுத்து இணைத்தால் போதுமா?