பம்பர் பெயின்ட் கடையில், வண்டி வீட்டில்: அந்த நான்கு நாட்களில் செய்த வேலைகள்

போன மாதம் தெருவில் நிறுத்தியிருந்தபோது யாரோ உரசிவிட்டுப் போனதில் என் 2013 ஸ்விஃப்டின் முன் பம்பர் வலது ஓரம் கிழிந்துவிட்டது. டிங்கர் கடைக்காரர், "வண்டியை நாலு நாள் போட்டு வைக்க இடமில்லை சார், பம்பரை மட்டும் கழற்றிக் கொண்டாந்துடுங்க, ஒட்டிப் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுத் தர்றேன்" என்றார். ஆட்டோவில் பம்பரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பத்து வருடத்துக்கும் மேலாக வெளிச்சமே படாத ஓர் இடம் எதிரே திறந்து கிடக்கிறது. நான்கு நாளும் காலையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்தேன். பம்பரைக் கழற்றப் போகிற எல்லோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

கழற்றுவதற்கு முந்தைய நாள் இருட்டியதும் ஒரு வேலை செய்தேன். வண்டியைச் சமதரையில் காம்பவுண்டு சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தி, டிம் லைட்டின் வெளிச்சம் எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். டயர் நின்ற இடத்துக்கும் ஒரு கோடு. ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டினால் வெளிச்சம் மேலேயோ கீழேயோ போய்விடும். எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்துகொண்டு ஓட்டுவது பெரிய தப்பு. இந்தக் கோடு இருந்ததால் திரும்ப மாட்டும்போது அதே இடத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

காலையில் முதல் வேலையாக 10-ஆம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தேன். ஏர்பேக் உள்ள வண்டிகள் பலவற்றில் மோதலை உணரும் சென்சார் முன்பக்கத்தில்தான் இருக்கும். ரேடியேட்டர் ஃபேனும் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றக்கூடியது. அப்புறம் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் முன்கூட்டியே ஒரு டஜன் பிளாஸ்டிக் கிளிப் வாங்கி வைத்திருந்தேன். பழைய கிளிப்புகள் வெயிலில் காய்ந்து போயிருந்தன, பாதி கையோடு உடைந்து வந்தன.

இனி கண்டென்சர். ஏசியின் சூட்டை வெளியேற்றுவது இதுதான், இதற்குப் பின்னால் விரல் நுழைகிற இடைவெளி விட்டு ரேடியேட்டர். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் ஓரளவு சுத்தமாகத்தான் தெரிந்தது. மேலிருந்து டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பார்த்தபோதுதான் மனசு கஷ்டமாகிவிட்டது. வேப்பிலைச் சருகு, பூச்சி, பஞ்சு, ஒரு பாலிதீன் துண்டு, எல்லாம் சேர்ந்து கீழ்ப் பாதியில் கம்பளி விரித்த மாதிரி படிந்திருந்தது. சென்னை சிக்னலில் நிற்கும்போது ஏசி காற்று வெதுவெதுப்பாக வரும், ஓட ஆரம்பித்தால் குளிரும். இரண்டு வருடமாக "கேஸ் கம்மியா இருக்கு" என்று சொல்லி இரண்டு முறை கேஸ் ஏற்றியிருக்கிறேன். நின்றால் வெதுவெதுப்பு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதலில் காற்றோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. நிற்கும்போது ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான், அதுவும் அந்தக் கம்பளி வழியாக வர வேண்டும்.

ரேடியேட்டரை மேலே பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கழற்றி, ஏசி பைப்புக்குச் சிரமம் கொடுக்காத அளவுக்கு மட்டும் பின்னால் சாய்த்து, நீளமான பிரஷ்ஷால் குப்பையை இழுத்து எடுத்தேன். பிறகு தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக, உள்ளிருந்து வெளியே வருகிற திசையில் விட்டேன். குப்பை வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். கண்டென்சரில் வரிசையாக நிற்கும் ஃபின் என்ற அலுமினியத் தகடுகள் காகிதம் போல, ஒரே அடியில் படுத்துவிடும். ஆசிட் கலந்த கிளீனர் எதையும் ஊற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரே போதும். ஏற்கெனவே படுத்திருந்த ஃபின்களைப் பழைய டூத் பிரஷ்ஷால், ஃபின் ஓடும் திசையிலேயே, பொறுமையாக நிமிர்த்தினேன். ஒரு காலை முழுக்க இதற்கே போனது, ஆனால் நான்கு நாளில் அதிகப் பலன் தந்த வேலை இதுதான்.

ஹாரன் ஒரு வருடமாகக் கம்மிய குரலில்தான் இருந்தது. கழற்றினால் வயர் மாட்டும் டெர்மினலில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, எர்த் எடுக்கும் போல்ட்டின் அடியையும் பளபளப்பாக்கி, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டினேன். புது ஹாரன் வாங்கத் தேவையே இல்லாமல் போயிற்று. மாட்டும்போது வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் தேங்கும்.

ஹெட்லைட் கண்ணாடி என்று நாம் சொல்வது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேல் பூச்சு வெயிலில் போனதும் மஞ்சளாகிவிடும். 800, 1500, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தேன். அதை விட்டால் சில மாதத்திலேயே மறுபடி மஞ்சளாகிவிடும் என்று பெயின்டர் சொன்னார். பல்பு ஹோல்டர் ஒன்று உருகியிருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் 60/55 வாட்ஸ் பல்புக்குப் பதில் 100/90 போட்டிருந்திருக்கிறார். வண்டியின் வயரிங் அந்தச் சூட்டுக்குச் செய்தது அல்ல. ஹோல்டர் மாற்றி, கம்பெனி சொன்ன பல்பையே போட்டேன்.

போனட் லாக்கில் பழைய அழுக்கு கிரீஸைத் துடைத்து எடுத்துப் புதிதாக வைத்தேன். உள்ளே குறுக்காகப் போகும் இரும்புச் சட்டத்தில் ஆங்காங்கே துரு. கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயின்ட்.

— பதிவிட்டவர், சென்னை

வேளச்சேரியிலிருந்து:

அண்ணா, அந்த இடைவெளி விஷயத்தை நானும் அனுபவித்தவன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வண்டி போனட் வரை முங்கியது. இன்ஜின் ஆயில், சீட், வயரிங் எல்லாம் பார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் முன் பம்பரைக் கழற்றிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அடுத்த கோடையில் டிராஃபிக்கில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறும். கூலண்ட் மாற்றினோம், தெர்மோஸ்டாட் மாற்றினோம். கடைசியில் வேறொரு மெக்கானிக் பம்பரைக் கழற்றினார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வண்டல் மண் செங்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. அதை ஊறவைத்து எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. இந்த முறை தண்ணீர் வடிந்த மூன்றாம் நாளே நானே பம்பரைக் கழற்றினேன். சேறு ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடுகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து காயும்வரை விடாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் ஊர் உப்புக் காற்றில் பம்பர் கழற்றுவது என்றாலே போல்ட் அறுந்துவிடுமோ என்றுதான் பயம். முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு விடுவேன். திருகும்போதும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கண்டென்சரைக் கழுவுவதற்கு முன் நன்றாக உற்றுப் பாருங்கள். எங்காவது எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் திட்டாக ஒட்டியிருந்தால் அங்கே கேஸ் கசிகிறது என்று அர்த்தம். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும். நான் அதைக் கவனிக்காமல் கழுவிவிட்டேன், அப்புறம் எங்கே லீக் என்று தேட வேண்டியதாயிற்று. ஏசி பைப்பில் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள், அது கடைக்காரர் வேலை.

துருவுக்கு ரெட் ஆக்சைடைவிட எங்கள் பக்கம் ஜிங்க் பிரைமர் கூடுதலாகத் தாங்குகிறது.

கோவையிலிருந்து:

நான் இருபது வருடமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சார் நன்றாகச் செய்திருக்கிறார். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பம்பருக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் ஃபோம் அல்லது பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். அதை எலி கடித்துத் தின்றிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சிலர் "வெளியே தெரியாதே" என்று அது இல்லாமலே மாட்டிவிடுகிறார்கள். ரோட்டில் நடந்து போகிறவர் மீது மோதினால் அவர் காலைக் காப்பாற்றுவதில் அதற்குப் பங்கு உண்டு. கட்டாயம் புதிது போடுங்கள். வளைந்த சட்டத்தையும் சுத்தியால் தட்டி நேராக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புது வண்டிகளில் முன்னால் ரேடார் இருந்தால் வீட்டில் கழற்ற வேண்டாம். அது ஒரு சிறு கோணம் மாறினாலும் தானாக பிரேக் பிடிப்பது தப்பாகும், மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் சரிபார்த்தாக வேண்டும்.

திருச்சியிலிருந்து:

சார், நான் தனியாகத்தான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். கழற்றுவது சரி, திரும்ப மாட்டும்போது இரண்டு பக்க ஓரமும் ஃபெண்டரோடு (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடித் தகடு) சேராமல் பல்லிளிக்கிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?

பதிவிட்டவர், சென்னை:

தங்கச்சி, அது தனியாளாக மாட்டினால் வருகிற பிரச்சினை. என் மனைவி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். முதலில் ஃபாக் லைட் கனெக்டர்களை மாட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது. அடுத்து நடுவில் மேலே இரண்டு கிளிப்பை மட்டும் லேசாக நிறுத்திவிட்டு ஓரங்களுக்குப் போங்கள். ஃபெண்டருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் காடியில் பம்பர் ஓரத்தை வரிசையாக, சக்கரப் பக்கத்திலிருந்து ஹெட்லைட் பக்கமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வந்தால் டக் டக் என்று விழும். விழவில்லை என்றால் அந்தக் காடி உடைந்திருக்கும், தனியாகக் கிடைக்கிறது. எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஸ்க்ரூக்களை முழுசாக இறுக்க வேண்டும். புது பெயின்ட் கீறாமல் இருக்க ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லையென்றால் அடியில் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து அதன்மேல் பம்பரை நிறுத்தலாம்.

கோவை சார் சொன்னதைப் படித்ததும், பம்பர் கழற்றியிருந்தபோது எடுத்த புகைப்படத்தைப் பார்த்தேன். என் வண்டியில் அந்தத் தாங்கியின் இடது ஓரம் கடிபட்டிருக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறேன். புதிதுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பம்பரை மறுபடி கழற்றுகிறேன்.