‘பெரிய துரை வீடு’: அரபில் எப்படி எழுதுவது?

கேள்வி (சுங்கை சிப்புட்)
ஸலாம். மகள் பள்ளியில் அரபு எடுக்கிறாள். சாயங்காலம் அவளோடு நானும் உட்கார்ந்து படிக்கிறேன். ‘அல்பைத் அல்கபீர்’ என்றால் பெரிய வீடாம். ‘அல்பைத் கபீர்’ என்றால் வீடு பெரியதாம். ஒரு ‘அல்’ போனதும் எப்படி வாக்கியமாகிறது? இன்னொன்று, ‘மேனேஜர் வீடு’ என்பதற்கு அவள் ‘அல்பைத் அல்முதீர்’ என்று எழுத, உஸ்தாஸா (ஆசிரியை) முதல் ‘அல்’லைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஏன்?

பதில் (தைப்பிங்)
வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. முதல் கேள்வி நமக்குச் சுலபம். நாம் ‘பெரிய’வைப் ‘பெரியது’ ஆக்கினால் வாக்கியம் முடிகிறது. அரபில் அந்த வேலையை ‘அல்’ பார்க்கிறது. இரண்டு சொல்லிலும் இருந்தால் அடைமொழி, முதல் சொல்லில் மட்டும் இருந்தால் வாக்கியம். ‘இருக்கிறது’ என்று தனியாக ஒரு சொல் தேடாதீங்க. ‘அவர் கிராணி (எழுத்தர்)’ என்கிறோமே, அதே மாதிரி ‘ஹுவ காதிப்’.

இரண்டாவதுக்குப் பதில் நம்ம மாநிலப் பெயரிலேயே இருக்கு: பேராக் டாருல் ரிட்சுவான். ‘தார்’ என்றால் இல்லம். அதற்கு முன்னால் ‘அல்’ இல்லை, அடுத்த சொல்லுக்குத்தான் உண்டு. பைத்துல்மாலும் (பொது நிதி இல்லம்) அப்படியே. இதை இளாஃபா என்பார்கள்: உடைமை முதலில், உடையவர் பிறகு, உடைமைக்கு ‘அல்’ சேராது. ஆகவே ‘பைத்துல் முதீர்’. (அரபுக்காரர் வாயில் அது ‘தாருர் ரிள்வான்’. ‘ர’ சூரிய எழுத்து, முன்னால் வரும் ‘ல்’லை விழுங்கிவிடும். அப்படி 14 எழுத்துகள் உண்டு. சிலாங்கூர் டாருல் எஹ்சானில் ‘ல்’ தப்பித்துக்கொள்கிறது.)

கேள்வி கேட்டவர்
நன்றிண்ணே. அப்ப ‘மேனேஜரோட பெரிய வீடு’ என்றால் கபீர் நடுவில் வருமா?

பதில் (தைப்பிங்)
நடுவில் நுழைக்கக் கூடாது, கடைசியில்தான்: ‘பைத்துல் முதீர் அல்கபீர்’. ஆனால் பெரியது வீடா, துரையா (நம்ம தோட்ட மேனேஜர்தான்)? ஈற்று உயிர்தான் சொல்லும். எழுவாயாக நின்றால், ‘பைத்துல் முதீரில் கபீரு’ துரையின் பெரிய வீடு. ‘கபீரி’ பெரிய துரையின் வீடு. பேச்சில் அந்த ஈறு விழுந்துவிடும், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். தோட்டத்தில் எப்படியும் பெரிய துரைக்குத்தானே பெரிய பங்களா!

பதில் (பீடோர்)
அண்ணன் பன்மையை விட்டுட்டார். ‘வீடுகள் பெரியவை’ என்பது ‘அல்புயூத் கபீரா’. அஃறிணைப் பன்மைக்குப் பெண்பால் ஒருமை அடைதான் வரும். ஆட்களுக்கு அது செல்லாது, ‘கிபார்’ என்று பன்மையே போடணும். உயர்திணை, அஃறிணை படித்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும் தங்கச்சி, மலாய் வழியாகச் சொன்னால்தான் இழுக்கும்.