பக்கவாதத்துக்குப் பிறகு தமிழ் தடுமாறும் அப்பா: வெளியாட்களிடம் எப்படிச் சமாளிப்பது?

கொருக்குப்பேட்டை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தலைமுறைகளாகக் கொருக்குப்பேட்டையில் வாழும் தெலுங்குக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ் என்பது எங்கள் தெருவில் பலருக்கும் இயல்பான வழக்கம். என் தந்தை துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். லாரி ஓட்டுநர்களோடும் சுமை தூக்குவோரோடும் வாழ்நாள் முழுவதும் பேசிப் பழகியவர் என்பதால், எங்கள் வீட்டில் தமிழில் யாரையும் மடக்கிப் பேச அவரால்தான் முடியும். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறி, சற்றே இழுத்து நடக்கிறார். வலது கையில் இன்னும் முழு பலம் வரவில்லை. பேச்சுதான் மீளவே இல்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது. தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். தாமாக ஒன்றைச் சொல்ல முயலும்போது மட்டும் ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார். அதிலும் தெலுங்குச் சொற்கள் கொஞ்சம் வருகின்றன. தமிழ் அறவே தடுமாறுகிறது.

வீட்டில் பெரிய தொல்லை இல்லை. வெளியில்தான் மனம் நோகிறது. ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல முடியாமல் அவர் திணறியதைப் பார்த்த ஓட்டுநர், "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார். காலை இழுத்து நடக்கும், வாய் குழறும் அறுபது வயது ஆண் என்றால் எங்கள் பகுதியில் எல்லாரும் முதலில் போகும் முடிவு அதுதான். சிலர் காது கேட்காதவர் என்று நினைத்துக் கத்துகிறார்கள். ஒரு வங்கியில் அவர் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொல்ல முடியாமல் போனதும் எழுதித் தரச் சொல்லிப் பேனாவை நீட்டினார்கள், அதுவும் முடியாமல் போனதும், அவர் அங்கே இல்லாதது போல, "இவருக்கு என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார்கள். வாழ்நாள் முழுவதும் கணக்குப் புத்தகம் எழுதியவரைக் கைநாட்டு என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவருக்கு மிகப் பெரிய அவமானம்.

அவர் தனியாகப் போய்வரவே விரும்புகிறார். ஓர் அட்டை எழுதிக் கொடுக்கலாமா, அது அவரைப் பரிதாபத்துக்கு உரியவராக ஆக்கிவிடுமா? வீட்டில் தமிழை வற்புறுத்திப் பழக்க வேண்டுமா, தெலுங்கு வருகிற வழியில் விட்டுவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர்

நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று நான் சொல்லக் கூடாது. எனினும் நீங்கள் விவரிப்பது, மருத்துவத்தில் அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பின் ஒரு வகையைப் போலத் தெரிகிறது. மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பேச்சை உருவாக்கும் இடம் பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளி 'டான்' என்ற ஒரே அசையைத்தான் எதைக் கேட்டாலும் பதிலாகச் சொன்னார். பிறர் பேசுவதோ அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. வலது கையை இயக்கும் பகுதியும் அதே அக்கம்பக்கத்தில் இருப்பதால்தான் பேச்சும் வலது கையும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன.

எழுதச் சொல்லிப் பேனா நீட்டுவது வெளியாட்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம். ஆனால் பயன் தராது. வாய்த் தசைகள் மட்டும் தளர்ந்து பேச்சு குழறுகிறவருக்கு உள்ளே சொல் தயாராக இருக்கும், ஆகவே அவர் எழுதிக் காட்டிவிடுவார். உங்கள் தந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்கும் இடத்திலேயே தடை இருப்பதால், நாவுக்கு வராத சொல் பேனாவுக்கும் வருவதில்லை. இதற்கும் படிப்பறிவுக்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும், பழைய பாட்டின் வரிகளும், சில சமயம் வசைச் சொற்களும் இவர்களுக்குத் தங்குதடையின்றி வந்துவிடும். யோசித்துக் கட்ட வேண்டாத பேச்சு அது. கவுன்ட்டரில் அரை மணி நேரம் திணறியவர் எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் பளிச்சென்று சொன்னால், எதிரில் இருப்பவர் "நடிக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார். அதைவிடத் தொல்லை தருவது 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் இடம் மாறிப் போவது. மனத்தில் 'இல்லை' இருக்க, வாயில் 'ஆமாம்' வந்துவிடும். ஆகவே பணம், மருந்து, கையெழுத்து சம்பந்தப்பட்ட எதையும் வாய்ச் சொல்லோடு விடாமல், தொகையை எழுதிக் காட்டிக் கட்டைவிரலாலோ தலையசைப்பாலோ உறுதிசெய்யப் பழக்குங்கள்.

மொழி பற்றிய உங்கள் கேள்வி ஆய்வாளர்களே நெடுங்காலமாக விவாதித்தது. முதலில் கற்ற மொழியே முதலில் மீளும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் பீத்ர். எல்லாருக்கும் பொருந்தும் விதியாக இரண்டுமே நிற்கவில்லை. இரண்டு மொழியும் சேர்ந்தே மீண்டவர்களும் உண்டு, ஒன்று மட்டும் மீண்டவர்களும் உண்டு. வருகிற தெலுங்கை நிறுத்தித் தமிழை வற்புறுத்தாதீர்கள். அவர் தெலுங்கில் தொடங்கினால் தெலுங்கில் பதில் சொல்லுங்கள். தமிழில் முயன்றால் காத்திருங்கள்.

அட்டை கட்டாயம் வேண்டும். கழுத்தில் தொங்கவிடாமல் சட்டைப் பையில் இருக்கட்டும். "பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு தடைப்படுகிறது. நீங்கள் சொல்வது எனக்குப் புரியும். ஒவ்வொரு கேள்வியாக, மெதுவாக என்னிடமே கேளுங்கள்" என்ற அளவு போதும். 'என்னிடமே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அஃபேசியா அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் இதற்கு இடம் இருக்கவில்லை. நிரந்தரமான குறைபாட்டுக்கே சான்று என்பதால், குணமாகக் காலம் கொடுத்த பிறகே மதிப்பிடுவார்கள். அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருந்தால் அரசு அலுவலகங்களில் விளக்கம் சொல்லும் வேலை பாதியாகக் குறையும்.

தங்கசாலைத் தெரு விற்பனையாளர்

எனக்குச் சிறு வயது முதல் திக்குவாய். எவர்சில்வர் பாத்திர மொத்தக் கடையில் விற்பனையில் இருக்கிறேன். முதலாளியோடு இந்தி, நெல்லூர்ப் பக்கத்து வியாபாரிகளோடு தெலுங்கு, மற்றவர்களோடு தமிழ். மூன்றிலும் பாரபட்சமின்றித் திக்குகிறேன்.

வங்கியில் முதல் வேலையாகப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. வேறு எந்தச் சொல் தடுக்கினாலும் அதே பொருள் தரும் இன்னொரு சொல்லுக்குத் தாவிவிடலாம். 'குக்கர்' வராவிட்டால் 'பிரஷர்ல வேகவைக்கிற பாத்திரம்' என்று சுற்றி வளைத்தாவது விற்றுவிடுவேன். பெயருக்கு மாற்றுப் பெயர் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லத் திணறுகிறவனைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள் தந்தை வாய் திறக்கும் முன்பே ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் மேசைமீது வைத்துவிடட்டும். கேள்வியே எழாத இடத்தில் பதில் தேவையில்லை.

தொலைபேசி எங்கள் இருவர் போன்றோருக்கும் பொதுவான எதிரி. முதல் சொல் வர நேரம் எடுக்கும். மறுமுனையில் "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லை" என்று வைத்துவிடுவார்கள். நேரில் நின்றாலாவது என் உதடு துடிப்பதைப் பார்த்துக் காத்திருப்பார்கள். இப்போது சில வாடிக்கையாளர் சேவை எண்கள், விருப்பத்தைச் சொல்லால் கூறும்படி இயந்திரத்தையே பேச வைக்கின்றன. அது நமக்காக இரண்டு நொடிகூடக் காத்திருப்பதில்லை. அப்படிப்பட்ட எண்களை அவரிடம் கொடுக்கவே வேண்டாம், வாட்ஸ்அப் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டை விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அட்டையைப் படித்ததும் சிலருக்கு இரக்கம் பொங்கி, நாம் தொடங்கிய வாக்கியத்தை அவர்களே முடித்து வைக்கத் தொடங்குவார்கள். அவர்கள் ஊகம் பாதி தவறாக இருக்கும். "அது இல்லை" என்று மறுத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து திக்க வேண்டும். பயிற்சியாளர் சொன்ன வரிகளோடு "நானே சொல்லி முடிக்கிறேன், காத்திருங்கள்" என்பதையும் சேருங்கள். சட்டத்தைப் பற்றி ஒரு குறை: அந்த வரையறை அஃபேசியாவையும் குரல்வளை அகற்றப்பட்டவர்களையும் உதாரணமாகச் சொல்கிறது, எங்களைப் போன்ற திக்குவாய்க்காரர்கள் சான்றிதழ் கேட்டுப் போனால் வாதாட வேண்டியிருக்கிறது, அதுவும் வாயால்.

ஷேர் ஆட்டோவுக்கு வழி எளிது. ஒரு ரூபாய் நாணயத்தால் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் எந்த ஓட்டுநரும் நிறுத்திவிடுவார். பேச்சு நன்றாக வருகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் போவதென்றால் 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் போகலாம். இயந்திரத்தில் சீட்டு எடுத்து, யாரிடமும் ஒரு சொல் பேசாமல் போய் இறங்கிவிடலாம். நான் அதைப் பயணத்துக்காக மட்டும் விரும்பவில்லை.

மணலி மருந்துக்கடை

எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களில் மொழி தெரியாத ஒருவர் வயிற்றைப் பிடித்துக் காட்டினால், என் கடைப் பையன்கள் சிரித்த முகத்தோடு சைகை செய்து, கைப்பேசியில் மொழிபெயர்த்து, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்று பொறுமையாகக் கேட்கிறார்கள். அடுத்து நிற்கும் நம் ஊர்ப் பெரியவர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்ல இரண்டு முறை தடுமாறினால், அதே பையன்கள் "சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்கிறார்கள். வேற்று மொழிக்காரர் என்று தெரிந்தால் வராமல் இருக்கும் எரிச்சல், நம்மவர் என்று நினைத்துவிட்டால் உடனே வந்துவிடுகிறது. இதை நான் என் கடையிலேயே மாலை ஏழு மணிக் கூட்டத்தில் எத்தனையோ முறை பார்க்கிறேன்.

ஆகவே ஒரு தந்திரம் சொல்கிறேன், சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியில் உங்கள் அப்பா வருகிற தெலுங்குச் சொல்லிலேயே தொடங்கட்டும். கேட்பவர் "ஓ, தெலுங்கா" என்று வேகத்தைக் குறைத்துக்கொள்வார், சைகைக்கு இறங்கி வருவார். வடசென்னையில் தெலுங்கு புரியாத கடை குறைவு.

மருந்து வாங்க வரும்போது பழைய மாத்திரை அட்டையையோ மருந்துச் சீட்டையோ கையில் கொடுத்துவிட வேண்டும், பெயரைச் சொல்ல முயலவே கூடாது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர் கொண்ட மாத்திரைகள் ஏராளம். பக்கவாதம் வந்தவர் சாப்பிடும் இரத்தத்தை மெலிதாக்கும் மருந்தில் ஊகத்துக்கு இடமே இல்லை. பிறகு, எல்லாக் கடையையும் நம்பாமல், மருந்து, மளிகை, பால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே கடையை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத பதினோரு மணி வாக்கில் நீங்கள் ஒருமுறை உடன் போய், அப்பாவை முன்னால் நிறுத்தி, அவரை வைத்தே அறிமுகம் செய்யுங்கள். நீங்கள் எழுதித் தரும் அட்டை, அவரைத் தெரியாத இடங்களுக்கு மட்டும் போதும்.

கொருக்குப்பேட்டை மகள்

மூவருக்கும் நன்றி. அட்டைக்கு அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'நோயாளி' என்ற சொல் எங்கும் வரக் கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. இரண்டாவதாக, அட்டையின் அடியில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடைசியில் கண்டுபிடித்தோம். "எனக்குக் கணக்கு தெரியும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். சேர்த்துவிட்டோம். நாணயத்தால் தட்டும் யோசனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டிலும் காபி கேட்க அதையே தொடங்கிவிட்டார் என்பது அம்மாவின் புகார்.

ஒரே ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. தனியாக இருக்கும்போது உடல்நிலை மோசமானால் 108ஐ அழைத்து அவர் என்ன சொல்வார்?

பேச்சுப் பயிற்சியாளர்

அழைத்துப் பேசும் பொறுப்பை அவரிடம் வைக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி 2022இல் வந்தது. அதில் உள்ள சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அதை முகப்புத் திரையில் இடது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். விவரம் கேட்டு அவர்கள் திருப்பி அழைத்தால் அவரால் பதில் சொல்ல முடியாது என்பதால், அந்த அழைப்பை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கைப்பேசியையும் அட்டையையும் சேர்த்துக் கொடுக்கப் பழக்குங்கள். அட்டையின் பின்புறத்தில் உங்கள் எண், இரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், "108ஐ அழையுங்கள்" என்ற வரி ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். திடீரென்று முகம் கோணினாலோ, கை மேலும் தளர்ந்தாலோ, இருக்கும் பேச்சும் நின்றாலோ அது மீண்டும் வந்த பக்கவாதமாக இருக்கலாம்; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்.