கைக்குழந்தை வந்த பிறகு எப்போது, எங்கே படம் பார்க்கிறீர்கள்? வடசென்னைப் பெற்றோர் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நானும் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சினிமா பைத்தியங்கள். அகஸ்தியா தியேட்டர் இருந்த வரைக்கும் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவோம். 2020-இல் அதை மூடிய பிறகு ராயபுரம் ஐட்ரீம்ஸ், மகாராணி, கையில் கொஞ்சம் காசு இருந்தால் பெரம்பூர் எஸ்2. பெரிய நடிகர் படம் என்றால் விடியற்காலைக் காட்சிதான். (அது இப்போது யாருக்குமே கிடையாது, 2023-க்குப் பிறகு ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி, அது வேறு கதை.)

குழந்தை பிறந்ததிலிருந்து தியேட்டர் பக்கமே போகவில்லை. ராத்திரி தூளியை ஆட்டிக்கொண்டே ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, இன்னொரு காதைக் குழந்தைக்கு விட்டுவிட்டு, போனில் அரை மணி நேரம் பார்க்கிறேன். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடிப் பிடித்து மறுபடி அரை மணி நேரம். மனைவிக்கு அதுகூட இல்லை, குழந்தை தூங்கினால் அவளும் தூங்கத்தான் பார்ப்பாள்.

"தூக்கிக்கொண்டு வா, நாமெல்லாம் அம்மா மடியில் படுத்துத் தியேட்டரில் வளர்ந்தவர்கள்தானே" என்கிறார்கள் நண்பர்கள். ஒரு வயசு முடியாமல் அந்த இருட்டுக்கும் சத்தத்துக்கும் கொண்டு போகவே கூடாது என்கிறார் எங்கள் அம்மா. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? எந்தக் காட்சி, எந்த மாதிரி தியேட்டர், குழந்தையோடா, குழந்தையை விட்டுவிட்டா? அனுபவத்தில் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொருக்குப்பேட்டை அம்மா:

தம்பி, நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், இரண்டு பேரையும் கைக்குழந்தையிலேயே படத்துக்குத் தூக்கிப் போனவள். முதலில் ஒன்று, செகண்ட் ஷோவை மறந்துவிடுங்கள். அது விட்டு வெளியே வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும், அந்த நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடும், நடுவில் பைக்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஃபர்ஸ்ட் ஷோவும் வேண்டாம், சாயங்காலம் ஆறேழு மணிதான் பிள்ளைகள் காரணமே இல்லாமல் அழுகிற நேரம்.

உங்கள் நேரம் இனிமேல் வார நாள் காலைக் காட்சி. அதுவும் முதல் வாரம் போகாதீர்கள், இரண்டாவது வாரம் செவ்வாய், புதன் பாருங்கள். பாதி தியேட்டர் காலியாக இருக்கும், பிள்ளை சிணுங்கினால் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்ட ஆள் இருக்காது, பால் கொடுக்கவும் கூச்சம் இல்லை. கடைசி வரிசையில் கதவுப் பக்கத்து ஓர சீட்டு எடுங்கள். காதை மூடுகிற தொப்பி, ஒரு பழைய காட்டன் புடவை, மாற்றுத் துணி இவ்வளவும் பையில் இருக்கட்டும். ஏசி குளிரைப் புடவைதான் தாங்கும், அந்தப் பளபளப்பான பேபி கம்பளி எல்லாம் நழுவி நழுவிக் கீழே விழுந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் சாப்பாடு விஷயம். என் சின்னவளுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது ஒரு தியேட்டர் வாசலில் பையைத் திறந்து பார்த்த அம்மா கேழ்வரகுக் கஞ்சி டப்பாவையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் வெளியே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார், வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். பிள்ளை பசியில் கத்துகிறது, பின்னால் வரிசை நிற்கிறது, நான் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மேனேஜர் வந்துதான் விட்டார்கள். இப்போது நீங்கள் அப்படி நிற்கத் தேவையில்லை. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய அளவு உணவைப் பெற்றோர் எடுத்து வரலாம். அந்தச் செய்தியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போடாமல் எடுத்துக் காட்டுங்கள், போதும்.

இதையெல்லாம் விட முக்கியமானது வேறு. "மனைவிக்கு அதுகூட இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. பிள்ளையோடு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று கேட்பதற்கு முன்னால் அவளை ஒரு படத்துக்கு அனுப்புங்கள். தனியாகவோ, தங்கச்சியோடோ, பழைய சிநேகிதியோடோ. பிள்ளையை நீங்கள் பாருங்கள். நம் ஏரியாவில் எத்தனையோ வீட்டில் அப்பா பசங்களோடு முதல் நாளே பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார், அம்மா நாலு வருஷம் கழித்து டிவியில் போடும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அது நடக்கவே கூடாது.

பழைய ஆபரேட்டர்:

கொருக்குப்பேட்டை அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரிசை வேண்டாம். புரொஜெக்டர் ரூமில் ரொம்பக் காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் வரிசையாக ஸ்பீக்கர் இருக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே ஒன்று இருக்கும். ஓரச் சீட்டும் அப்படித்தான், சுவரை ஒட்டி வேண்டாம். நடு வழியை ஒட்டிய சீட்டு, பாதிக்குக் கொஞ்சம் பின்னால், எழுந்தால் நேராகக் கதவுக்குப் போகிற மாதிரி இடம் எடுங்கள்.

சத்தம் எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. சவுண்ட் பிராசஸரில் சத்தத்தை ஏற்றி இறக்க ஃபேடர் என்று ஒன்று இருக்கும், அதில் 7 என்பதுதான் கணக்கு. படத்தை மிக்ஸ் செய்த இடத்தில் இருந்த அளவு அதுதான். அந்த அளவுக்கு முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கு அளந்து வைப்போம், சண்டை, வெடி என்று வந்தால் உச்சத்தில் 105 வரை ஏறும். முழு நேரமும் 7-இல் ஓட்டுகிற தியேட்டர் குறைவு, ஆனால் பெரிய படம் முதல் வாரம் என்றால் கீழே இருந்து "சவுண்ட் ஏத்து" என்று கத்துவார்கள், ஏற்றித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பாகக் கேட்பதற்கு என்று சொல்லியிருக்கிற வரம்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூடக் கேட்கிற நேரம் பாதி பாதியாகக் குறைய வேண்டும். எட்டு மாதக் குழந்தையின் காதுத் துளை சின்னது, அதே சத்தம் உள்ளே இன்னும் பலமாகப் போய்ச் சேரும்.

அதனால் தூக்கிப் போனால் காதை முழுக்க மூடுகிற இயர்மஃப் வாங்குங்கள், கைக்குழந்தை அளவிலேயே கிடைக்கிறது. பஞ்சு வைக்க வேண்டாம். சத்தத்தையும் நிறுத்தாது, பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். இன்னொன்று, காலைக் காட்சியில் ஆள் குறைவாக இருந்தால் அதே அளவு சத்தம் இன்னும் கணீரென்று கேட்கும், ஏனென்றால் சத்தத்தை உள்வாங்குவதில் உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்கும் பங்கு உண்டு. டார்ச் அடிக்கிற பையனிடம் "கைக்குழந்தை இருக்கு தம்பி, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்படி மேலே ஆள் வந்து சொன்னபோதெல்லாம் நான் குறைத்திருக்கிறேன்.

அடிதடி படத்துக்குத் தயவு செய்து தூக்கிப் போகாதீர்கள். பேச்சும் பாட்டுமாக இருக்கிற படமாகப் பாருங்கள்.

வியாசர்பாடி:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு எட்டு மாதக் குழந்தையை ஏன் தூக்கிப் போக வேண்டும்? பெரும்பாலான தமிழ்ப் படம் நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது. எட்டு வாரம் ஆக்குங்கள் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எட்டு வாரமே ஆனாலும் காத்திருக்கலாம், படம் எங்கும் ஓடிப்போகாது.

வீட்டில் பார்த்தாலும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். இரண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். எங்கள் வீடு ஒரே ரூம், ராத்திரி டிவி போட்டால் வெளிச்சம் நேராகத் தூளி மேல் விழும். அதனால் நேரத்தை மாற்றிக்கொண்டேன். காலை நாலரைக்கு எழுந்து குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் வாசல் படியில் உட்கார்ந்து ஹெட்போனில் பார்ப்பேன். தெருவே அமைதியாக இருக்கும், மூளையும் தெளிவாக இருக்கும், ராத்திரி கண் சொருகச் சொருகப் பார்த்ததை விட இப்படிப் பார்த்த படங்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. சின்னத் திரை என்பது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். குழந்தை தூக்கத்தை விட அது பெரிதில்லை.

கொருக்குப்பேட்டை அம்மா:

ஆபரேட்டர் அண்ணா, ஸ்பீக்கர் விஷயம் நல்லது, நடு வழிச் சீட்டே சரி.

வியாசர்பாடி தம்பி, நாலரை மணிக்கு எழுந்து பார்க்க ராத்திரி தூங்கியிருக்க வேண்டும். பால் கொடுக்கிறவளுக்கு அந்த நாலரை மணியும் கிடையாது. அதோடு தியேட்டருக்குப் போவது படத்துக்காக மட்டும் இல்லை. தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டி வீட்டை விட்டு வெளியே வருவது இருக்கிறதே, பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் அதற்காகவே போகலாம்.

திருவொற்றியூர் தேரடி:

என் பையனுக்கு இப்போது ஆறு வயசு. கைக்குழந்தைக் காலம் சுலபம் என்று அப்புறம்தான் தெரியும். ஒன்றரை வயசிலிருந்து மூன்று வயசு வரைதான் தியேட்டருக்குக் கொண்டே போக முடியாத காலம், சீட்டில் நிற்க மாட்டான், படிக்கட்டில் ஏறி இறங்குவான், திரைக்கு முன்னால் போய் நிற்பான். அந்த ஒன்றரை வருஷமும் நானும் மனைவியும் மாறி மாறித்தான் போனோம். ஒரே படத்தை அவள் சனிக்கிழமை, நான் ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி உட்கார்ந்து பேசும்போது இரண்டு பேரும் பார்த்திருப்போம், அது போதுமானதாக இருந்தது.

மூன்று வயசு முடிந்தால் மல்டிபிளெக்ஸில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். சான்றிதழையும் பாருங்கள். 2024-லிருந்து யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், அது பெற்றோருக்கான அறிவுரை, வாசலில் தடுக்க மாட்டார்கள், முடிவு நம் கையில். ஏ படம் அப்படி இல்லை, 18 வயசுக்குக் கீழே விடக்கூடாது. தூங்குகிற குழந்தைதானே என்று தூக்கிப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள், டிக்கெட் காசும் போய்விடும்.

போகிற வழிக்கு மெட்ரோவைப் பயன்படுத்துங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து எங்கள் சினிமா எல்லையே மாறிவிட்டது. தேரடியில் ஏறினால் அரசினர் தோட்டம் நிலையம், அங்கிருந்து தேவி தியேட்டர் பக்கம்தான். லிப்ட் இருக்கிறது, புகை இல்லை, குலுக்கல் இல்லை, பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவான். கடைசி ரயில் பதினொரு மணி வாக்கில் என்பதால் மாட்னிதான் தோது.

ஒரு ஆசையும் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கைரளி தியேட்டர் வளாகத்தில் 2022-இல் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி அறை கட்டினார்கள். கண்ணாடி வழியாகப் படம் தெரியும், குழந்தை அழுதால் வெளியே கேட்காது, உள்ளேயே தொட்டிலும் துணி மாற்ற இடமும் இருக்கிறது. வடசென்னையில் ஒரே ஒரு தியேட்டர் இதைச் செய்தால் காலைக் காட்சிக்கு எத்தனை அம்மாக்கள் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்த தியேட்டர்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுப் பாருங்கள், நாங்கள் டிக்கெட் வாங்கத் தயார்.

தண்டையார்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. குழந்தையை இப்போதைக்குத் தூக்கிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். வருகிற புதன்கிழமை நான் லீவு போடுகிறேன், மனைவியும் அவள் தங்கச்சியும் காலைக் காட்சிக்குப் போகிறார்கள். கீழே அவளே எழுதுகிறாள்.

அக்கா, வணக்கம். உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். போகத்தான் ஆசை. ஒரே கவலை பால்தான். படம், போய் வருகிற நேரம் எல்லாம் சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகிவிடும். கஞ்சியும் மசித்த இட்லியும் சாப்பிடுகிறாள், ஆனால் நடுவில் ஒரு தடவையாவது பால் கேட்பாள். கறந்து வைத்துவிட்டுப் போனால் கெட்டுப்போகாதா?

கொருக்குப்பேட்டை அம்மா:

கெடாதும்மா. கையை நன்றாகக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய டப்பாவில் கறந்து வை. வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள், அது 25 டிகிரிக்குச் சொல்கிற கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு நம்பாதே, உடனே ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வைத்துவிடு, கதவில் வைக்காதே. அங்கே நாலு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் வைத்துச் சூடு பண்ண வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்தால் போதும். மேலே ஆடை பிரிந்து நிற்கும், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும், கெட்டுவிட்டது என்று உன் வீட்டுக்காரர் கொட்டிவிடப் போகிறார், சொல்லி வை. அவள் குடித்து மிச்சம் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

புதன்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் அவரையே டப்பாப் பால் கொடுத்துப் பார்க்கச் சொல். உன் கையில் மட்டும் குடித்துப் பழகின பிள்ளை, முதல் தடவை முரண்டு பிடிக்கும். கிளம்புகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் நீ ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போ. பை வேண்டாம், பர்ஸும் போனும் போதும்.