பட்டன் பேட்ஜ்: ஒரு பக்கம் மடங்காமல் நிற்கிறது, அடித்தட்டு கழன்று விழுகிறது. உதவி தேவை

கோபி_டீச்சர்:
வணக்கம். எங்கள் கிராமப் பள்ளிக்கு இந்த ஆண்டு நூற்றாண்டு விழா. பிள்ளைகள், பழைய மாணவர்கள், சத்துணவு சமைக்கும் அம்மா எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ள 250 பேட்ஜ் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டேன். பழைய ஓட்டுக் கட்டடத்தை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்தாள், அந்தப் படம்தான் பேட்ஜில் வருகிறது. அதனால் வெளியில் கொடுத்துச் செய்ய மனசு வரவில்லை, நாங்களே செய்ய வேண்டும் என்று ஆசை.

58 மி.மீ. கை மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மேலே ஒரு டை (பாகங்களை வைத்து அழுத்தும் அச்சு), கீழே திருப்பும் தட்டில் இரண்டு டை. முதல் டையில் குமிழான தகர மூடி, அதன் மேல் படம், அதற்கும் மேல் கண்ணாடித்தாள். அழுத்தினால் மூன்றும் மேல் டைக்குள் ஏறிக்கொள்கின்றன. அப்புறம் தட்டைத் திருப்பி, ஊக்கு கீழே பார்க்கும்படி அடித்தட்டை இரண்டாவது டையில் வைத்து மறுபடி அழுத்துகிறேன்.

இந்த இரண்டாவது அழுத்தில்தான் சிக்கல். படமும் கண்ணாடித்தாளும் ஒரு பக்கம் உள்ளே மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அடித்தட்டு சில சமயம் கையோடு கழன்று வருகிறது. 40 செய்ததில் 23 வீண். கைப்பிடியை இறக்க உடம்பு பாரம் முழுவதையும் போட வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. மெஷின் பழுதா, நான் செய்வது தப்பா? விழாவுக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கிறது.

சிவகாசி_அச்சு:
டீச்சர், முதலில் கையை ஓய விடுங்கள். இந்த மெஷினில் பலம் போட வேண்டி வந்தாலே உள்ளே ஏதோ அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். மேலும் அழுத்தினால் டைதான் கெடும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். படம் என்ன தாளில் அடித்தீர்கள், எத்தனை ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்? வெட்டிய வட்டம் குறுக்கே எத்தனை மி.மீ.? ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள், கட்டரில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

கோபி_டீச்சர்:
அண்ணா, அளந்தேன். சரியாக 70 மி.மீ. தாள் பளபளப்பான போட்டோ பேப்பர், உறையில் 230 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறது. படம் பளிச்சென்று வரும் என்று அச்சடித்த கடையில் அதைத்தான் கொடுத்தார்கள்.

சிவகாசி_அச்சு:
வட்டம் சரி. தாள்தான் சரியில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 70 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 220 மி.மீ. பேட்ஜின் விளிம்பு 58 மி.மீ., அதன் சுற்றளவு 182 மி.மீ. மிச்சமுள்ள 38 மி.மீ. தாள் எங்கே போகும்? விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடி மடிப்பாகப் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கி, அடித்தட்டுக்கும் தகர மூடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நுழைய வேண்டும். 80 ஜி.எஸ்.எம். தாள் சுகமாகச் சுருங்கும். 100 வரை பரவாயில்லை. 230 என்பது அட்டை. அது சுருங்காது, முட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடி கனப்பதும் அடித்தட்டு பிடி கிடைக்காமல் கழல்வதும் அதனால்தான்.

பளபளப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது மேலே வரும் கண்ணாடித்தாளிலிருந்து கிடைக்கிறது. அதே காரணத்துக்காகப் படத்தைத் தனியாக லேமினேஷன் செய்துவிடாதீர்கள், மறுபடி கனமாகிவிடும்.

இப்போதைக்கு அச்சே இல்லாத வெறும் ஜெராக்ஸ் பேப்பரில் பத்து வட்டம் வெட்டிச் செய்து பாருங்கள்.

கோபி_டீச்சர்:
அண்ணா, என்ன சொல்லி நன்றி சொல்வது! கைப்பிடி ஒரு கையிலேயே இறங்குகிறது. பத்தில் ஏழு அழகாக வந்துவிட்டன, விளிம்பைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. ஆனால் மூன்றில் இன்னமும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறது. முன்னைவிடக் குறைவுதான், அடித்தட்டு கழலவில்லை. பத்துக்கு மூன்று என்றால் 250-க்கு 75 போய்விடுமே.

மதுரை_கைவினை:
அக்கா, கண்ணாடித்தாளைக் கவனித்தீர்களா? வட்டமாக வெட்டி அடுக்கி வருவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக வந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. நான் கொலு நேரத்தில் வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கப் பேட்ஜ் செய்தபோது முதல் நாள் முழுக்க இதனால்தான் அழுதேன். கட்டை எடுத்து விளிம்பில் விரலால் சீட்டுக்கட்டு மாதிரி வருடிவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். இரண்டாக இருந்தால் நடுவில் கோடு பிரியும். தகர மூடியும் அப்படித்தான், ஒன்றுக்குள் ஒன்று கப்பென்று உட்கார்ந்திருக்கும். அப்படியே வைத்து அழுத்தினால் டைக்குள் சிக்கிக்கொள்ளும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று. முதல் அழுத்து முடிந்ததும் குனிந்து மேல் டைக்குள் பாருங்கள். படமும் தாளும் சுற்றிலும் ஒரே அளவில் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு ஓரம் தொங்கினால் தட்டைத் திருப்பாமல் அங்கேயே இன்னொரு முறை அழுத்துங்கள்.

கோவை_லேத்:
அம்மா, வணக்கம். நான் பேட்ஜ் செய்ததில்லை. ஆனால் 30 வருடம் பிரஸ், டை வேலை பார்த்தவன். ஒரு சோதனை சொல்கிறேன், பழுது தாளிலா மெஷினிலா என்பது அதில் பிரிந்துவிடும்.

ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி எப்போதும் மெஷினின் தூண் பக்கம் பார்க்க வைத்து இருபது செய்யுங்கள். கெட்டுப்போனவற்றை எடுத்து, புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் என்றால், மதுரையில் உள்ள தங்கச்சி சொன்னபடி தாள், கண்ணாடித்தாள் கோளாறு. எல்லாவற்றிலும் ஒரே பக்கம் என்றால் டை நடுவுக்கு வரவில்லை.

கோபி_டீச்சர்:
ஐயா, இருபது செய்தேன். அதற்கு முன்பே கண்ணாடித்தாளைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டிரண்டாக ஒட்டியவை ஒன்பது கிடைத்தன, தங்கச்சிக்கு நன்றி. இருபதில் நான்குதான் கெட்டன. ஆனால் நான்கிலும் புள்ளிக்கு நேர் எதிரே, அதாவது என் பக்கம்தான் நீட்டிக்கொண்டு இருக்கிறது.

கோவை_லேத்:
அப்படியானால் பாதி பழுது தாளில் இருந்தது, மீதி மெஷினில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், பெரிய வேலை இல்லை.

இரண்டாவது டையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், கீழே ஸ்பிரிங். விரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி எழும்ப வேண்டும். ஒரு பக்கம் தயங்கினால் அடியில் ஏதாவது சிக்கியிருக்கும். டையைத் தட்டோடு பிடிக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் துடையுங்கள். தண்ணீர் படவே கூடாது. மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் பாதி இறுக்கிவிட்டு, கைப்பிடியை மெதுவாக இறக்கி மேல் டையும் கீழ் டையும் தானாக நேராகச் சேர விடுங்கள். அந்த நிலையிலேயே ஸ்க்ரூவை முழுக்க இறுக்குங்கள். இந்த வரிசைதான் முக்கியம். திருப்பும் தட்டு கடைசியில் முட்டி நிற்கும் இடத்தையும் துடைத்துவிடுங்கள், அங்கே தூசி இருந்தால் டை ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும்.

கோபி_டீச்சர்:
ஐயா, கண்டுபிடித்துவிட்டேன்! வளையத்துக்கு அடியில் நகக்கண் அளவு கிழிந்த கண்ணாடித்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. போட்டோ பேப்பரோடு மல்லுக்கட்டிய அன்று கிழிந்ததாக இருக்கும். நீங்கள் சொன்ன வரிசையிலேயே மாட்டினேன். 25 செய்தேன், 25-ம் நன்றாக வந்துவிட்டன. மேசை மேல் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி அச்சுதான். எங்கள் பள்ளியில் இங்க்ஜெட் இருக்கிறது, அதில் அடிக்கலாமா? பேட்ஜைச் சட்டையில் குத்தினால் படம் கோணலாக நிற்பதற்கும் வழி சொல்லுங்கள்.

சிவகாசி_அச்சு:
இங்க்ஜெட்டில் அடிக்கலாம், ஆனால் ஒரு ராத்திரி முழுக்கப் பரப்பிக் காயவிட்டு மறுநாள் வெட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் மை பரவும், தகரமும் உள்ளேயே துருப்பிடித்துப் படத்தில் பழுப்புப் புள்ளி விழும். முடிந்தால் லேசர் பிரிண்ட் எடுத்துவிடுங்கள், நிம்மதி.

பின்னணி நிறம் 70 மி.மீ. முழுக்க ஓட வேண்டும். எழுத்து, முகம் போன்றவை 52 மி.மீ. வட்டத்தைத் தாண்டக் கூடாது, விளிம்பு வளைவில் சரிந்துவிடும். ஏ4 தாளில் பிரிண்டர் அடிக்காமல் விடும் ஓரம் போக, நேர் வரிசையாக வைத்தால் 8 வட்டம்தான் பிடிக்கும். தேன்கூடு மாதிரி நடு வரிசையைப் பாதி இறக்கி 4, 3, 4 என்று வைத்தால் 11 வரும். 23 தாளில் 253 ஆகிவிடும்.

மதுரை_கைவினை:
கோணலுக்கு நான் சொல்கிறேன் அக்கா. கீழ் டை இரண்டிலும் தூண் பக்கம் ஒரு ஸ்கெட்ச் கோடு போட்டுக்கொள்ளுங்கள். படத்தின் தலை எப்போதும் அந்தக் கோட்டுக்கு நேராக. அடித்தட்டை வைக்கும்போது ஊக்குக் கம்பி படுக்கைவாட்டில், நடுவிலிருந்து தூண் பக்கம் தள்ளி இருக்கும்படி வையுங்கள். ஊக்கு மேலே இருந்தால்தான் பேட்ஜ் முன்னால் கவிழாமல் நெஞ்சோடு ஒட்டி நிற்கும். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் திரும்பும், அதனால் முதல் இரண்டைச் செய்து பார்த்துக் கோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஊக்கு வேண்டாம். காந்தம் வைத்த அடித்தட்டும் விற்கிறார்கள், அது கூடவே கூடாது. கழன்ற காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலுக்கே ஆபத்து. அதே படத்தை ரிப்பனில் ஒட்டிக் கழுத்தில் போட்டுவிடுங்கள்.

கோபி_டீச்சர்:
எங்கள் பள்ளியில் அந்த இரண்டு வகுப்பிலும் சேர்த்து 31 பிள்ளைகள். ரிப்பன் நாளைக்கே வாங்குகிறேன்.

கடைசியாக ஒன்று. வரைந்த பெண்ணின் பெயரையும் போட வேண்டும் என்று ஆசை. படத்தின் மேல் எழுதினால் ஓட்டுக் கூரை மறைகிறது.

சிவகாசி_அச்சு:
விளிம்பில் போடுங்கள் டீச்சர். 58 மி.மீ. கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாகப் பொடி எழுத்தில் வட்டமாக ஓடவிட்டால், முன்னால் தெரியாது, பேட்ஜைச் சாய்த்துப் பார்த்தால் பக்கவாட்டில் படிக்கலாம். அடித்தவர் பெயரை அந்த வளைவில் போடுவது பழைய அமெரிக்கத் தேர்தல் பேட்ஜ் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். முதலில் ஒன்றே ஒன்று செய்து, எழுத்து மடிப்புக்குள் போகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். போய்விட்டால் அரை மி.மீ. உள்ளே தள்ளுங்கள்.

கோபி_டீச்சர்:
இரண்டாவது தடவையில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இன்று மதியம் அவளையே கூப்பிட்டுக் கைப்பிடியை இறக்கச் சொன்னேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பெயர் இருப்பது முதலில் தெரியவில்லை. ஓரத்தில் கண்டுபிடித்ததும் "டீச்சர், எல்லாத்துலயும் வருமா?" என்று கேட்டாள். 219-லும் வரும், ரிப்பன் 31-லும் வரும் என்றேன். நாளை காலை அவள் தம்பியும் வட்டம் வெட்ட வருகிறான்.