சித்தி, குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழு, 7 ஜனவரி 2025, செவ்வாய்

மாமா: (படம்: சிவப்புப் பின்னணியில் "சீனாவின் புதிய வைரஸ் தமிழகத்தில் நுழைந்தது!") எல்லோரும் கவனமாக இருங்கள்.

சேலம் சித்தி: அண்ணா, சேலத்தில் ஒருவருக்கு என்று டிவியிலும் ஓடுகிறது. பேரனுக்கு இரண்டு நாளாகச் சளி. பெங்களூரில் இவனைப் போலவே எட்டு மாதக் குழந்தைக்கு வந்திருக்கிறதாம். கை கால் ஓடவில்லை. பொங்கலுக்கு நாங்கள் வரவில்லை.

நான்: பதறாதீர்கள் சித்தி. அந்தப் படம் சொல்வது எச்எம்பிவியை, சளி, இருமல் தருகிற ஒரு வைரஸ். அது புதிய வைரஸ் இல்லை. 2001இலேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெங்களூரில் தொற்று வந்த இரண்டு குழந்தைகளும் வெளிநாடு போகவே இல்லை. இங்கேயே சுற்றுகிற கிருமிதான். ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வழக்கமான கண்காணிப்பில் தெரியவந்தது.

மாமா: அப்புறம் ஏன் "நுழைந்தது" என்று போடுகிறார்கள்?

நான்: நீங்கள் போட்டது போன்ற செய்திக் கார்டில் பத்துப் பன்னிரண்டு சொல்தான் கொள்ளும் மாமா. "2001 முதல் தெரிந்த வைரஸ்", "தமிழகத்தில் தொற்று வந்த இருவரும் சீராக இருக்கிறார்கள்" என்பதெல்லாம் செய்திக்குள்ளே நாலாவது பத்தியில் கிடக்கும். ஃபார்வர்ட் ஆவது கார்டு மட்டும்தான். லிங்க்கை யார் திறக்கிறார்கள்? நேற்று எங்கள் செய்தி டெஸ்க்கில் இந்த ஒரு சொல்லுக்காகச் சண்டையே போட்டேன். "தொற்று உறுதி" என்று மாற்றுவதற்குள் பழைய கார்டு ஊர் சுற்றப் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, அது இருக்கட்டும். சித்தி, பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். எந்தக் கிருமியாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது இதைத்தான். வீட்டில் மீதி இருக்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடாதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது. ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

அத்தை: தூக்குகிறவர்கள் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். இருமல் இருப்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

சேலம் சித்தி: இப்போதுதான் எண்ணினேன் கண்ணு. 36. குழி எதுவும் விழவில்லை. பால் குடித்துவிட்டுத்தான் தூங்கினான். எதற்கும் காலையில் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுகிறேன்.

மாமா: வாக்கிங் குழுவிலும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டேனே. நீ எழுதியதை அப்படியே அங்கே போடட்டுமா?

நான்: போடுங்கள் மாமா. அந்த 50 கணக்கு இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான். அதை முதல் வரியிலேயே போடுங்கள்.